இரும்பு உருக்கியவர்களின் பிள்ளைகள்

(தொழிலாளரான புனித யோசேப்பு நினைவு, மே 1. சிங்கப்பூர், தமிழ்த் திருப்பலி மறையுரை)



இன்று மத்தேயு நற்செய்தியிலிருந்து வாசிக்கக் கேட்டது சின்னப் பகுதிதான். இயேசு சொந்த ஊருக்கு வருகிறார். தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். கேட்டவர்களுக்கு முதலில் வியப்பு. அடுத்த நொடியே அந்த வியப்பு கசந்துபோகிறது. இவருடைய அப்பா யார் என்று நமக்குத் தெரியாதா, மரவேலை செய்கிறவர்தானே, அம்மாவைத் தெரியும், உறவுக்காரர்கள் நம் தெருவில்தானே இருக்கிறார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் அதிகமாக வல்ல செயல்கள் செய்யவில்லை என்று மத்தேயு முடித்துவிடுகிறார்.

தகப்பனார் கைத்தொழில் செய்து பிழைத்தவர் என்பதற்காக ஓர் ஊரே தன் மீட்பரைக் கைநழுவ விட்டது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான யோசேப்பின் நாளாக அறிவித்தார். அந்த நாளுக்கென்று திருஅவை நம் கையில் கொடுக்கும் நற்செய்தி இதுதான். யோசேப்பைப் புகழும் ஒரு சொல் இதில் இல்லை. அவருடைய பெயர்கூட இல்லை. தொழில் மட்டும் இருக்கிறது, அதையும் ஏளனமாகத்தான் சொல்கிறார்கள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் வீடுகளின் ஞாபகம் வருகிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பலர், உழைத்துக் கை காய்த்துப்போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்த லூர்து அன்னை ஆலயம் 1888இல் எழுந்தது. தமிழ் பேசும் கத்தோலிக்கருக்கென்று இந்தத் தீவில் கட்டப்பட்ட கோயில் இது. அன்றிலிருந்து இங்கே வந்து முழங்காலிட்டவர்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் உண்டு, நகராட்சியில் சாலை போட்டவர்கள் உண்டு, ரயில்வேயில் வேலை செய்தவர்கள் உண்டு, செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பலுக்குத் தகடு அடித்தவர்கள் உண்டு. அவர்களில் இரும்போடு மல்லுக்கட்டியவர்களைப் பற்றி இன்று கொஞ்சம் விரிவாகப் பேசப்போகிறேன். அந்தத் தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது. நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

உலோகத் தொழில் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1890 முதல் பிரானித் தீவில் வெள்ளீயம் உருக்கினார்கள், மலாயா மண்ணில் தோண்டிய தாதுவை இங்கே கொண்டுவந்து. ஆனால் பெரியவர்கள் ‘இரும்பாலை’ என்று சொல்லும்போது அவர்கள் நினைப்பது ஜூரோங்கை.

1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பம் தீப்பிடித்து எரிந்தது. ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அவசரமாக அடுக்குமாடிகள் எழும்ப வேண்டும். அடுக்குமாடி என்றால் கான்கிரீட்டுக்குள் கம்பி ஓட வேண்டும். அதே காலத்தில்தான் மேற்கே, சதுப்பும் காடுமாகக் கிடந்த ஜூரோங்கில் ஆலைகள் வரப்போகின்றன என்றார் நிதியமைச்சர் கோ கெங் சுவீ. அது அவருடைய பைத்தியக்காரத்தனம் என்று ஊர் பேசியது. 1962 செப்டம்பர் முதல் தேதி அங்கே முதல் ஆலைக்கு அவர் அடிக்கல் நாட்டினார். அந்த முதல் ஆலை ஓர் இரும்பாலை. நேஷனல் அயர்ன் அண்ட் ஸ்டீல் மில்ஸ் என்று பெயர். 1963இல் உற்பத்தி தொடங்கியது. பிற்பாடு நாட்ஸ்டீல் என்று நாம் அறிந்தது அதைத்தான். 2005இல் டாடா வாங்கியது, 2021இல் மறுபடி கை மாறியது.

சிங்கப்பூரில் இரும்புத் தாது கிடையாது. பழைய இரும்பை உருக்கித்தான் புது இரும்பு செய்ய வேண்டும். உடைத்த கப்பலின் தகடு, துருப்பிடித்த குழாய், நொறுங்கிய இயந்திரம், எதுவானாலும் உலைக்குள் போகும். மேலிருந்து தூண் தூணாகக் கரிமின்வாய்கள் இறங்கும். அவற்றுக்கும் பழைய இரும்புக்கும் நடுவே மின்சாரம் இடிபோல் பாயும். 1,538 டிகிரியில் இரும்பு உருகும். உலையை அதற்கும் மேலே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் நிற்கிறவருக்கு எதிரே இருப்பவர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும், சொல் கேட்காது. கையால் சாடை காட்டித்தான் வேலை நடக்கும்.

அந்த வேலையில் மழை ஒரு எதிரி. குவித்து வைத்த பழைய இரும்பில், வாய் அடைபட்ட ஒரு குழாய்க்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால், அது உருகிய இரும்புக்குள் விழுந்த கணத்தில் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும். மூடிய உருளை ஒன்று கவனிக்காமல் போய்விட்டாலும் அதே கதைதான். அதனால் குவியலைக் கிளறிப் பார்க்கிறவரின் கண் மீதுதான் உலைக்கு முன்னால் நிற்கிற எல்லாருடைய உயிரும் இருந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்யும் இந்த ஊரில் அந்த மனிதர் எத்தனை முறை குனிந்து பார்த்திருப்பார்! அவருக்கு முதுகு வலி வந்ததில் என்ன ஆச்சரியம்?

கம்பி இழுக்கிற பகுதி வேறு மாதிரி. அந்தக் காலத்து உருட்டாலைகளில், உருளைகளுக்கு நடுவிலிருந்து பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு போலச் சீறி வெளியே வரும். இடுக்கியோடு நிற்கிறவர் அதன் தலையைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, அடுத்த உருளைக்குள் செலுத்த வேண்டும். தவறினால் கம்பி அவரைச் சுற்றும். சிப்டு முழுக்க அதையே செய்வார்கள். நீங்கள் குடியிருக்கிற புளோக்கின் தூணுக்குள் கம்பி ஓடுகிறது. அதை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அது கம்பியானது.

என் அப்பா அந்தப் பெரிய ஆலையில் இல்லை. காலாங் பக்கம் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். பம்பு உறுப்பு, கப்பலுக்கு வேண்டிய சாமான், சாக்கடை மூடி என்று எது வந்தாலும் வார்ப்பார்கள். தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களில் மலாய்க்காரரும் இருந்தார்கள், சீனரும் இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சந்தை மலாய். அப்பாவுக்கு அந்த மொழி நன்றாக வரும். வீட்டில் மலாய்ச் சொல் வந்தால் அது பட்டறையிலிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் வேலை மண் வேலை. வார்ப்பதற்கு முன்னால் மண்ணில் அச்சு எடுக்க வேண்டும். மணலும் களியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த மண். அதன் பதத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். கையைத் திறந்தால் விரல் ரேகை மண்ணில் அப்படியே பதிந்திருக்க வேண்டும். பிறகு அதை இரண்டாக ஒடிப்பார். ஒடிந்த இடம் கூராக இருந்தால் பதம் சரி. உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, அதில் இரும்பை ஊற்றினால் ஆவி போக வழியில்லாமல் கொதித்துத் தெறிக்கும். ஒரு விடுமுறை நாளில் எங்களை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அப்பா சும்மா உட்கார்ந்திருந்தவர், ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கினார், ஒடித்துப் பார்த்தார். “இது நிக்காது, களி இல்ல” என்றார். அவ்வளவு பெரிய கடலைப் பார்க்கவே இல்லை அவர்.

அம்மா அவருடைய வேலைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவார். பொறி தெறித்துத் தெறித்து சட்டை முழுக்கக் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். வெயில் அதன் வழியே பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். தைக்க முடிந்ததைத் தைப்பார். தைக்க முடியாததை வெட்டிக் கரித்துணியாக்குவார். அந்தத் துணியையும் அப்பா பட்டறைக்கே எடுத்துப்போவார், சூடான சாமானைப் பிடிக்க.

வீட்டில் அப்பா உரக்கத்தான் பேசுவார். சோறு போடு என்று கேட்டாலும் அதட்டுவது போல் இருக்கும். கோபமாக இருக்கிறாரா என்று அம்மாவைக் கேட்டால், “கோபம் இல்லடா, அவரு காதுக்குள்ள இன்னும் பட்டறை ஓடுது” என்பார். இந்த நாட்டில் தொழிலால் வரும் நோய்களில் இரைச்சலால் வரும் காது கேளாமை நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது. நம் வீடுகளில் எத்தனை தாத்தாக்கள் இன்று தொலைக்காட்சியை அலற விடுகிறார்கள்! எத்தனை பேரப்பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள்! அந்தக் காது எங்கே போயிற்று என்று வீட்டில் யாராவது பிள்ளைகளுக்குச் சொன்னோமா?

இரவு சிப்டு பார்த்த குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளின் பகல் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா தூங்குகிறார் என்றால் வீடு மூச்சு விடாது. குழந்தையை நடைவழிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாத்திரம் கழுவுவது மாலையில்தான். ஆலைக்குப் போனவர் ஒருவர். ஆனால் அந்த சிப்டை வீடு முழுக்கச் சேர்ந்து பார்த்தது. யோசேப்பின் தொழிலில் மரியாவுக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நான் நம்புவது அதனால்தான். நாசரேத்து வீட்டிலும் மரத்தூள் படிந்த துணியை யாராவது உதறித்தானே ஆக வேண்டும்.

சகோதர சகோதரிகளே, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் ஓர் அறிஞர் இருந்தார். சீராக்கின் ஞானம் அவர் எழுதிய நூல். அதன் 38ஆம் அதிகாரத்தைப் போய் வாசித்துப் பாருங்கள். ஞானம் தேடுகிறவனுக்கு ஓய்வு வேண்டும் என்று தொடங்குகிறார். படித்தவர் பேசுகிற பேச்சு அது. ஆனால் அடுத்து அவர் உழவரைப் பார்க்கிறார், முத்திரை செதுக்குகிறவரைப் பார்க்கிறார், பிறகு பட்டறைக்கல் அருகே உட்கார்ந்திருக்கிற கொல்லரிடம் வந்து நின்றுவிடுகிறார். நெருப்பின் அனல் அவர் உடம்பை உருக்குவதைச் சொல்கிறார். உலையின் வெக்கையோடு அவர் போராடுவதைச் சொல்கிறார். சம்மட்டியின் ஓசை அவர் காதை அடைப்பதையும், அவர் கண் மாதிரியை விட்டு அகலாததையும், வேலையைச் செம்மையாக முடிப்பதிலேயே அவர் நெஞ்சு இருப்பதையும் சொல்கிறார். ஏட்டைப் பார்த்து எழுதியது போல எனக்குத் தோன்றவில்லை. அவர் ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். காது அடைபடுவது வரைக்கும் கவனித்திருக்கிறார்.

அதற்கு மேல் அவர் எழுதுவதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. இவர்களை யாரும் மன்றத்துக்கு அழைப்பதில்லை, சபையில் முன்னிடம் தருவதில்லை, நீதிபதியாக உட்கார வைப்பதில்லை என்கிறார். ஆனால் இவர்கள் இல்லாமல் ஒரு நகரத்தில் மனிதர் குடியிருக்க முடியாது என்கிறார். உலகத்தின் கட்டமைப்பைத் தாங்கி நிற்பவர்கள் இவர்களே, இவர்கள் செய்கிற தொழிலே இவர்களுடைய மன்றாட்டு என்று முடிக்கிறார்.

தொழிலே மன்றாட்டு. அப்பா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தால் பூசைக்கு வரமாட்டார். அம்மா அதை நினைத்து வருத்தப்படுவார். நான் குருவான பிறகும் அந்த வருத்தம் அவருக்குத் தீரவில்லை. இன்று அம்மாவிடம் சொல்ல முடிந்தால் சொல்வேன்: அந்த ஒரு பிடி மண்ணை இறுக்கி, ஒடித்துப் பார்த்து, இதில் இரும்பை ஊற்றினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் உறுதி செய்தாரே, அதைக் கடவுள் மன்றாட்டாகவே ஏற்றுக்கொண்டார். பிறர் உயிரைக் காக்கிற கவனத்துக்கு இறைவன் வேறு பெயர் வைப்பதில்லை. கொலோசையருக்கு எழுதும்போது பவுல், எந்த வேலையானாலும் மனிதருக்கு என்று எண்ணாமல் ஆண்டவருக்கென்று உளமாரச் செய்யச் சொல்கிறார். அதை வாசித்துத் தெரிந்துகொள்ளாமலே வாழ்ந்துகாட்டியவர்கள் அவர்கள்.

ஆனால் நாம் அவர்களை என்ன செய்தோம்?

பள்ளிக்கூடத்தில் படிவம் கொடுப்பார்கள். தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனா தயங்கிய பிள்ளைகள் இந்தக் கோயிலில் இருக்கிறீர்கள். கல்யாணப் பேச்சில், “அப்பா என்ன பண்ணாரு?” என்று கேட்டால், “ஃபேக்டரியில இருந்தாரு” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று பிள்ளையின் பட்டப்படிப்புக்குப் பேச்சைத் திருப்புகிறோம். படித்தோம், அலுவலகம் போனோம், குளிர்சாதன அறையில் உட்கார்ந்தோம். அப்பா விரும்பியதும் அதைத்தான். அதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் படிப்புக்குக் கட்டிய பணத்தில் எவ்வளவு கரி படிந்திருந்தது என்று பேசவே கூச்சப்பட்டால், நாசரேத்து ஊர்க்காரர்கள் வேறெங்கோ இல்லை, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கிற இடத்தில் இயேசு வல்ல செயல் செய்யவில்லை என்பதை மறக்காதீர்கள்.

தானியேல் நூலில் தீச்சூளைக்குள் எறியப்பட்ட மூன்று பேரைப் பற்றி நாம் படிக்கிறோம். அரசன் எட்டிப் பார்க்கும்போது உள்ளே நாலாவது ஒருவர் அவர்களோடு நடந்துகொண்டிருக்கிறார். ஜூரோங் சிப்டிலும் காலாங் பட்டறையிலும் அந்த நாலாவது ஆள் இருந்தார் என்று நான் முழுமனதோடு விசுவசிக்கிறேன். எத்தனையோ பேரை ஒரு கை அகலத்தில் காப்பாற்றியிருக்கிறார்.

காப்பாற்றப்படாதவர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் நான் இந்த இடத்தை விட்டு நகர முடியாது. 1978 அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆட்கள் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். இரும்பு வெட்டும் தீயிலிருந்து எழுந்த பொறி, எரிபொருள் தொட்டியில் சேர்ந்திருந்த ஆவியைப் பற்றவைத்தது. 76 பேர் இறந்தார்கள். அன்று மாலை வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்த குடும்பங்கள் 76. அவர்களோடு நாலாவது ஆள் இல்லையா என்று ஒரு மகள் கேட்டால், எளிதான பதில் ஒன்றை எடுத்து நீட்ட என்னால் முடியாது. சிலுவையில் தொங்கியவரும் கைத்தொழிலாளிதான், அவரையும் அந்த நேரத்தில் யாரும் இறக்கிவிடவில்லை. இது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த 76 பேரின் சாவுக்குப் பிறகு தொட்டிக்குள் தீவேலை செய்வதற்கான விதிகளை மனிதர்கள் இறுக்கினார்கள். அதையாவது செய்தார்கள்.

ஆனாலும் 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் ஒரு தொழிற்கூடம் வெடித்தது. ஒரு கலவை இயந்திரம் வெடித்து, எளிதில் தீப்பற்றும் மாவுத்தூள் தீயாகப் பரவியது. 3 பேர் இறந்தார்கள், 7 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் இருவர் வங்காளதேசத்துக்காரர்கள், ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர்.

இங்கேதான் நம் குடும்ப நினைவு நம்மைச் சும்மா விடாது. நம் அப்பாக்கள் நின்ற இடத்தில் இன்று யார் நிற்கிறார்கள்? புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் டெஸ்ட் அடித்து வந்த தம்பிமார். வெல்டிங் பழகி, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி, பர்மிட் எடுத்து வந்தவர்கள். நம் தாத்தா கப்பலில் வந்தார், இவர்கள் விமானத்தில் வந்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் பாருங்கள். பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறார்கள், புல்வெளியில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுகிறார்கள். அவர்கள் சட்டையிலும் அந்தக் குண்டூசித் தலை ஓட்டைகள் இருக்கின்றன. வெல்டிங் பொறிக்கும் உலைப் பொறிக்கும் சட்டை ஒன்றுதான்.

2020இல் நோய்த்தொற்று வந்தபோது தங்கும் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அப்போதுதான் இத்தனை பேர் நம் நடுவில் வாழ்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரிந்தது. அன்று பலர் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள், தொலைபேசியில் பேசினார்கள். ஆனால் இன்றும் காலை நேரத்தில் விரைவுச்சாலையில் பாருங்கள். லாரியின் பின்னால், சாமானோடு சாமானாக, தலை குனிந்து தூங்கிக்கொண்டு போகிறார்கள். என் தகப்பன் அப்படிப் போனால் நான் சும்மா இருப்பேனா? இது நிற்க வேண்டும் என்பது என் மனசாட்சி. அதற்கான செலவு கணக்குப் பார்க்க வேண்டிய செலவல்ல.

திருஅவை இதில் இன்று நேற்றுப் பேசத் தொடங்கவில்லை. பதின்மூன்றாம் லியோ 1891 மே 15ஆம் தேதி வெளியிட்ட சுற்றுமடல் தொழிலாளரின் கூலியையும் உரிமையையும் பற்றியது. இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதற்கு அந்த மடலே ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் நம் ஊருக்கு வந்தார். தேசிய விளையாட்டரங்கில் அவரோடு திருப்பலியில் பங்கெடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அன்று காலை நாட்டுத் தலைவர்களுக்கு முன்னால் பேசும்போது, வெளிநாட்டுத் தொழிலாளரின் மாண்பைக் காக்க வேண்டும், அவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். யாக்கோபு தம் திருமுகத்தில் இன்னும் கடுமையாக எழுதுகிறார்: கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும், அது கடவுளின் காதுக்கு எட்டும். இங்கே தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாகச் சொல்கிறேன். சம்பளத் தேதி தவறாதீர்கள். கையுறையும் காதடைப்பானும் கேட்கிற தம்பியிடம் விலை பேசாதீர்கள்.

இனி ஒரு வேண்டுகோள்.

அதே சீராக்கின் ஞானம் 44ஆம் அதிகாரத்தில் புகழ்பெற்ற முன்னோரைப் பாடத் தொடங்குகிறது. நடுவில் ஓரிடத்தில், நினைவே இல்லாமல் போனவர்களும் உண்டு, பிறக்காதவர்கள் போல் மறைந்துவிட்டார்கள் என்று நூலாசிரியர் சொல்கிறார். தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் 1979 முதல் வாய்மொழி வரலாற்று நிலையம் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்துவருகிறது, நல்ல பணி. ஆனால் ஒவ்வொரு தாத்தாவிடமும் அவர்கள் வர முடியாது. அது பிள்ளைகளின் வேலை.

கோயில் வாசலில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் அப்பா, தாத்தா, அம்மா, பாட்டி எங்கே வேலை செய்தார்கள், கையால் என்ன செய்தார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். “ஃபேக்டரி” என்று மட்டும் எழுதாதீர்கள். உலையில் நின்றாரா, கம்பி பிடித்தாரா, மண் அச்சு எடுத்தாரா, தகடு வெட்டினாரா, அதை எழுதுங்கள். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கேட்கும்போது எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். ஒரே தரத்தில் எல்லாம் வந்துவிடாது. அவர் சொல்வது போதும் என்று எழுந்துவிடாதீர்கள். அவர் மறைந்துவிட்டிருந்தால், அவரோடு வேலை செய்தவர் யாராவது உயிரோடு இருப்பார், அவரைத் தேடிப் போங்கள்.

ஊரிலிருந்து வந்து வேலை செய்கிற தம்பிகளே, உங்கள் பெயரையும் எழுதுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை இங்கே வந்து பார்க்கலாம்.

நோட்டு இந்த மாதம் முழுக்க வாசலில் இருக்கும். நவம்பர் 2ஆம் தேதி, இறந்த விசுவாசிகள் நினைவு நாளில் அதைப் பலிபீடத்தில் வைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். பேனா பக்கத்திலேயே கட்டியிருக்கிறது. எழுத முடியாத பெரியவர்களுக்கு இளைஞர்கள் உதவி செய்யுங்கள்.

இப்போது மன்றாட்டுக்காக எழுந்து நிற்போம்.